கழுத்துக் குழாயும் லிஃப்ட் கதவும்

லிஃப்ட் மெக்கானிக் ஒருவரைப் படுக்க வைப்பதற்கு முன்னால், கட்டில் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று யாராவது பார்த்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. ஆபரேஷன் வார்டில் வாசலை ஒட்டிய கட்டில்தான் அன்றைக்குக் காலியாக இருந்தது. வாசலைத் தாண்டினால் லிஃப்ட்.

குடலில் ஓட்டை விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு வந்த மனிதர். வயிற்றைத் திறந்து, ஓட்டையைத் தைத்து, கழுவி மூடினார்கள். நல்லபடியாக முடிந்தது என்று சர்ஜன் வந்து சொன்னார். மயக்கம் தெளிந்து அவர் கண்ணைத் திறந்தபோது மனைவி குனிந்து, "என்னங்க, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள். அவர் உதட்டை நனைத்துக்கொண்டு கையை வாசல் பக்கம் நீட்டினார்.

"அந்தக் கதவு இடிக்குது."

"எந்தக் கதவு?"

"லிஃப்ட் கதவு. மூடும்போது கடைசியில ஒரு இடி. கீழ தடத்துல ஓடுற கட்டை தேஞ்சு போயிருக்கு. எவன் பார்க்கிறான் இந்த மெஷினை?"

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆள் பிழைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த லிஃப்ட் வந்து நின்ற ஒவ்வொரு தடவையும் அவர் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "இடிச்சுது பாரு." "இந்த தடவை கொஞ்சம் கம்மி, ஆளு எடை ஜாஸ்தி போல." "இதை ஒரு நாள் யாராவது கையில மாட்டிக்கப் போறாங்க." பக்கத்துக் கட்டில் பெரியவர் முதலில் சிரித்தார், பிறகு சலித்துக்கொண்டார், கடைசியில் தானும் காதைத் தீட்டிக்கொண்டு, "தம்பி, இப்ப இடிச்சதா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்தில் பிரேமைப் பொருத்தி, காதுக்குப் பின்னால் வளைத்து, மூக்கில் உட்கார வைக்கிறவள். யாரைப் பார்த்தாலும் முதலில் அவள் கண் போவது மூக்கின் மேல்தான். அந்த வார்டின் சிஸ்டரைப் பார்த்ததும் அவளுக்குக் கை துறுதுறுத்தது. சிஸ்டரின் கண்ணாடி மூக்கில் நிற்பதே இல்லை. கையில் உறை இருக்கும், தொட முடியாது. அதனால் தோளை உயர்த்தி, முகத்தைச் சாய்த்து, மேல்கையால் தள்ளிவிட்டுக்கொள்வார். கட்டிலுக்குக் கட்டில் அதே வித்தை. நம்ம ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்திருக்கலாமே என்று ஒவ்வொரு தடவையும் மனைவி நினைப்பாள்.

மெக்கானிக்கின் கழுத்தில் ஒரு குழாய் போட்டிருந்தார்கள். கையில் நரம்பு அகப்படவில்லை. குத்திக் குத்தி இரண்டு கையும் பச்சை பூத்துப் போன பிறகு, கழுத்திலிருக்கிற பெரிய ரத்தக் குழாயில் போட்டார்கள். மருந்து, சலைன் எல்லாம் அதன் வழியாகத்தான். ரத்தம் எடுப்பதும் அதிலேயே. அவருக்கு ஊசி என்றால் ஆகாது. லிஃப்ட் கிணற்றின் உச்சியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஆள், ஊசியைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கழுத்துக் குழாய் வந்ததிலிருந்து அந்தத் தொல்லை விட்டது.

சூப் குடிக்க ஆரம்பித்தார். ரொட்டியை ஊற வைத்துச் சாப்பிட்டார். லிஃப்ட் வரைக்கும் நடந்து போய், கதவை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதைப் பார்த்த சிஸ்டர், "இனிமே இந்தக் குழாய் தேவைப்படாது. எடுத்துடலாம்னு டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றார்.

"ஏன் சிஸ்டர், நல்லாத்தானே ஓடுது?" என்றார் மெக்கானிக். "நல்லா ஓடுற பார்ட்டை யாராவது கழட்டுவாங்களா? நாளைக்கு ரத்தம் வேணும்னு மறுபடியும் என் கையைத்தான் பொத்தல் போடுவீங்க."

மனைவியும் சேர்ந்துகொண்டாள். "பாவம் சிஸ்டர், அந்தக் கையைப் பாருங்க. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமே."

சிஸ்டர் தோளால் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "வேணுங்கற வரைக்கும்தான் அது நல்லது" என்றார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடமும் சொன்னார். டாக்டர் கையைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தப் 'பார்க்கலாம்' அப்படியே தங்கிவிட்டது. மறுநாள் வேறு டாக்டர், அதற்கு மறுநாள் வேறு அவசரம்.

வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று பேச்சு வந்த நேரத்தில், ஒரு மத்தியானம் மனைவியின் அண்ணன் பார்க்க வந்தார்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவர். அவருக்கும் மெக்கானிக்குக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. எந்த வேலை கஷ்டம், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதா, லிஃப்ட் பார்ப்பதா? "உங்க வண்டிக்கு ரெண்டே ரெண்டு திசைதானே மாப்பிள்ளை, மேல, கீழ" என்பார் அண்ணன். "உங்க வண்டி நின்னு போனா இறங்கி நடந்துடலாம் மச்சான், என் வண்டி நின்னா எங்க இறங்குவீங்க?" என்பார் இவர். விசேஷ வீட்டிலும் விடமாட்டார்கள், துக்க வீட்டிலும் விடமாட்டார்கள்.

அன்றைக்கும் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "என்ன மாப்பிள்ளை, மேல கீழ போற வேலைக்கு இவ்வளவு நாள் லீவா? நம்ம தொழில்ல முடியுமா? என்ன இருந்தாலும் டிரைவிங்தான் கஷ்டம்."

மெக்கானிக் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு, "ஆமா மச்சான். நீங்க சொல்றது சரிதான்" என்றார்.

அண்ணன் ஒரு கணம் திகைத்துப் போனார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. "கேட்டியா? நீயும் கேட்டேல்ல? வயித்தோட சேர்த்து வாயையும் தைச்சு அனுப்பிட்டாங்க உன் புருஷனுக்கு. இந்த டாக்டருக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்."

மனைவியும் சிரிக்கத்தான் போனாள். அப்போது வெளியே லிஃப்ட் வந்து நின்றது. யாரோ இறங்கினார்கள். கதவு மூடி, கடைசியில் டங்கென்று இடித்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் காத்திருந்தாள். லிஃப்ட் இன்னொரு தடவை வந்தது. இன்னொரு தடவை இடித்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, சாந்தமாக, யாரோ மாதிரி படுத்திருந்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பெரிய சூடு இல்லை. ஆனால் கை விரல்கள் சில்லென்றிருந்தன. மார்பு மட்டும் ஓடி வந்தவனுக்கு ஏறி இறங்குகிற மாதிரி ஏறி இறங்கியது.

எழுந்து சிஸ்டரிடம் போனாள். போகும்போதே வெட்கமாக இருந்தது. என்னவென்று சொல்வது?

"சிஸ்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. லிஃப்ட் இடிச்சுது. அவர் ஒண்ணும் சொல்லலை."

சிஸ்டர் மருந்துத் தட்டோடு நின்றார். சிரிக்கவில்லை. "எத்தனை தடவை?" என்றார்.

"ரெண்டு. அப்புறம், எங்க அண்ணன் சொன்னதுக்கு ஆமான்னு சொல்லிட்டார். ஒரு நாளும் சொல்ல மாட்டார்."

சிஸ்டர் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார், மூச்சை எண்ணினார், பிரஷர் கட்டினார். கட்டியதை அவிழ்த்து இன்னொரு தடவை கட்டினார். "காலையிலேர்ந்து எத்தனை தடவை யூரின் போனீங்க?" என்று கேட்டார். மனைவிதான் பதில் சொன்னாள்: எழுந்ததும் ஒரு தடவை போனதுதான்.

"ஐயா, இது எந்த இடம் சொல்லுங்க?"

மெக்கானிக் பணிவாக யோசித்து, "நம்ம ஒர்க்‌ஷாப்" என்றார்.

அண்ணனின் முகத்திலிருந்த சிரிப்பு விளக்கை அணைத்த மாதிரி போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். கழுத்துக் குழாயைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்திரியைச் சிஸ்டர் விலக்கிப் பார்த்தார். குழாய் உள்ளே போகும் இடத்தில் சிவந்து, ஓரத்தில் லேசாகக் கசிந்திருந்தது. டாக்டர் ஓடி வந்தார். கையிலிருந்து கொஞ்சம், கழுத்துக் குழாயிலிருந்து கொஞ்சம் என்று தனித்தனியாக ரத்தம் எடுத்து, பாட்டில்களில் ஊற்றி லேபுக்கு அனுப்பினார்கள். எடுத்த கையோடு மருந்து ஏறியது. இன்னொரு பக்கம் சலைன் மளமளவென்று போனது. அந்தக் கையில் எத்தனை இடத்தில் குத்தினார்கள் என்று மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவே இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. கழுத்துக் குழாயை உருவி எடுத்து, அதன் நுனியை வெட்டி அதையும் லேபுக்கு அனுப்பினார்கள். கட்டிலை அப்படியே உருட்டிக்கொண்டு போனார்கள். லிஃப்டில் ஏற்றினார்கள். கதவு இடித்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒன்றோடொன்று பூட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. அண்ணன் உட்காரவில்லை. நடந்துகொண்டே இருந்தார். "வயித்துக்குத்தானே வந்தான்? அது சரியாயிடுச்சுல்ல? அப்புறம் இது எங்கேருந்து வந்தது? இவங்ககிட்ட வந்துதான் வந்திருக்கு. வரட்டும், யார் வெளியே வராங்களோ அவங்களை நான் கேட்கிற கேள்வியில..."

"அண்ணா, உட்காரு."

"நீ சும்மா இரு. உனக்குக் கேட்கத் தெரியாது."

அவளுக்குக் கேட்க வாயில்லை. காரணம் வேறு. 'இருந்துட்டுப் போகட்டுமே' என்று தன் வாயால் சொன்னது காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு அது தெரியாது.

வெளியே வந்த டாக்டர் ஒரு அம்மா. நின்றுகொண்டு பேசவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அவர்களையும் உட்காரச் சொன்னார்.

"ரத்தத்துல கிருமி கலந்திருக்கு. அதை விரட்டறதுக்கு உடம்பு போடற சண்டையில உடம்பே அடிபடுது. பிரஷர் இறங்குது, கிட்னி சோர்ந்து போகுது, புத்தி தடுமாறுது. செப்சிஸ்னு சொல்வோம். ஆபத்தானதுதான், மறைக்க மாட்டேன். கிருமி எதுன்னு லேப் சொல்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு மருந்தை ஆரம்பிச்சிட்டோம். பிரஷரைத் தூக்கிப் பிடிக்கவும் ஒரு மருந்து ஓடுது."

அண்ணன் இடுப்பில் கை வைத்தார். "இது எங்கேருந்து வந்ததுன்னு சொல்லுங்க முதல்ல."

"இங்கேருந்து" என்றார் டாக்டரம்மா. "பெரும்பாலும் அந்தக் கழுத்துக் குழாய் வழியா. லேப் உறுதிப்படுத்தணும். ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு பிடிச்சதுதான் இது."

அண்ணன் கட்டி வைத்திருந்த சண்டைக்கு அந்தப் பதில் இடம் கொடுக்கவில்லை. மழுப்புவார்கள், மடக்கலாம் என்று நினைத்திருந்தார். திறந்த கதவை ஓங்கித் தள்ளினவர் மாதிரி தடுமாறினார்.

மனைவியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "நாங்கதான் டாக்டர்... சிஸ்டர் எடுக்கணும்னு சொன்னாங்க. நாங்கதான் வேணாம்னோம். அவருக்கு ஊசின்னா பயம். நானும் சேர்ந்து கெஞ்சினேன்."

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கேட்டீங்க. வலிக்கக் கூடாதுன்னு யார் வேணும்னாலும் கேட்பாங்க. வைக்கிறதா எடுக்கிறதான்னு முடிவு பண்ண வேண்டியவங்க நாங்க. இன்னைக்கும் இது தேவையான்னு தினமும் நாங்க கேட்டிருக்கணும். அது எங்க மேல. இதை நீங்க தலையில தூக்கி வெச்சுக்காதீங்க. உங்களுக்கு இப்ப வேற வேலை இருக்கு."

டாக்டரம்மா உள்ளே போன பிறகு அண்ணன் நடப்பதை நிறுத்தினார். தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நம்ம ஸ்கூல் வண்டியில எனக்கும் ஒரு பிரேக் இருக்குல்ல, பக்கத்து சீட்டுல" என்றார். "கத்துக்கிற பொண்ணு போய் இடிச்சா அவளை நான் திட்டினதே இல்லை. என் காலு எங்க போச்சுன்னுதான் கேட்டுப்பேன். அந்தம்மா அதைத்தான் சொல்லுது." கொஞ்சம் நிறுத்தி, "வாயைத் தைச்சு அனுப்பிட்டாங்கன்னு சொன்னேனே" என்றவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

லேபிலிருந்து தகவல் வந்தது. கைரத்தத்திலும் குழாய் நுனியிலும் ஒரே கிருமி. அதுவும் ஆஸ்பத்திரிகளிலேயே பழகி, வழக்கமான மருந்துக்கெல்லாம் அசையாத வகை. முதலில் கொடுத்தவற்றில் ஒன்று மட்டும்தான் அதைப் பிடிக்கும், மற்றதை நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா வந்து சொன்னார். இதயத்தின் வால்வில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தார்கள், ஒட்டவில்லை. பிரஷர் மருந்தைத் துளித் துளியாகக் குறைத்தார்கள்.

ஒரு காலையில் அவளை உள்ளே விட்டபோது கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையைக் காட்டி டாக்டரம்மா புன்னகைத்தார். "பார்த்தீங்களா, யூரின் வந்திருக்கு. கிட்னி முழிச்சுக்கிச்சு." பை பாதி நிறைந்து மஞ்சளாக இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ அழகான பொருள்களைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தவள்தான். அந்தப் பையைப் பார்த்துக் கை கூப்பியதை நினைத்தால் அவளுக்கே பிறகு சிரிப்பு வரும்.

அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. அந்த அறையில் லிஃப்ட் சத்தம் கேட்காது. அவள் கொஞ்சம் யோசித்து, காதருகே குனிந்தாள்.

"என்னங்க. எங்க அண்ணா வெளியில இருக்கார். டிரைவிங்தான் கஷ்டமான வேலையாம். லிஃப்டெல்லாம் ஒரு விஷயமே இல்லையாம். நீங்களே ஒத்துக்கிட்டீங்களாம்."

முகமூடிக்குள் உதடு அசைந்தது. அவள் காதை வைத்தாள்.

"நானா? எப்ப?" மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "ஒரு தடவை... லிஃப்டை ரிவர்ஸ்ல ஓட்டிக் காட்டச் சொல்லு உங்க அண்ணனை."

அவள் வெளியே போய், ஒரு எழுத்து விடாமல் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன், "திமிரு, திமிரு" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வார்டுக்குத் திரும்பியதும் அவர் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மருந்து இன்னும் பல நாள் ஏற வேண்டியிருந்தது. கையில் மெல்லிய ஊசி போட்டிருந்தார்கள். எல்லாம் கேட்டுவிட்டு, சிஸ்டர் வந்தபோது சொன்னார்:

"சிஸ்டர், நான் ஒரு மடையன். ரிப்பேர் பார்க்கும்போது கதவு பூட்டைத் தாண்டி ஒரு வயர் போடுவோம், கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடறதுக்கு. வேலை முடிஞ்சதும் முதல்ல அதைப் பிடுங்கணும். மறந்துட்டு வந்தா லிஃப்ட் அருமையா ஓடும். அருமையா ஓடி ஆளைக் கொல்லும். என்கிட்ட வேலை பார்க்கறவங்களுக்கு நான் முதல் நாள் சொல்ற பாடமே அதுதான். கழுத்துல இருந்த குழாய் அந்த வயர் மாதிரின்னு தெரியாம, பார்ட்டுன்னு நினைச்சுட்டேன்."

அதிலிருந்து தினமும் காலையில் கையை நீட்டி, "சிஸ்டர், இது இன்னைக்கும் தேவையா?" என்று கேட்பார். தனக்குக் கேட்டது போதாதென்று பக்கத்துக் கட்டில் பெரியவருக்காகவும் கேட்பார். ஒருநாள் சிஸ்டர் சலித்துக்கொண்டார். "நீங்க கேட்கிறதுக்கு முன்னாடியே இப்ப டாக்டருங்க ரவுண்ட்ஸ்ல ஒவ்வொரு கட்டிலுக்கும் கேட்கிறாங்க, போதுமா? உங்களால எங்களுக்கு ஒரு வேலை கூடிப்போச்சு."

கிளம்புகிற நாள் வந்தது. என்ன கொடுப்பது, எப்படிச் சொல்வது என்று மனைவி யோசித்து யோசித்துப் பார்த்தாள். சிஸ்டரிடம் போய் நின்றாள். "லிஃப்ட் இடிச்சுதுன்னு வந்து நின்னேன். வேற யாராயிருந்தாலும் போம்மான்னு சொல்லியிருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள்.

"வீட்டுக்காரங்க வந்து 'இவர் இவரா இல்லை'ன்னு சொன்னா, ஓடிப் போய்ப் பார்க்கணும். அதுதான் எங்க வேலை" என்றார் சிஸ்டர். சொல்லும்போதே கண்ணாடி நழுவியது. தோள் உயர்ந்தது.

"சிஸ்டர், அதைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

பையிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவரையும், மூக்கில் பதிகிற புது ரப்பர் வில்லைகளையும் எடுத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பழையதைப் பிடுங்கி, புதியதை முடுக்கி, காதுக் காம்பை வெந்நீர்க் குவளையின் ஆவியில் காட்டி வளைத்து, துடைத்து, தன் கையாலேயே சிஸ்டரின் முகத்தில் வைத்தாள். காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தாள். "குனிங்க. நிமிருங்க. இப்ப தலையை ஆட்டுங்க."

சிஸ்டர் ஆட்டினார். கண்ணாடி அசையவில்லை. பழக்கத்தில் தோள் மட்டும் உயர்ந்தது, பிறகு வேலையில்லாமல் இறங்கியது. இருவரும் சிரித்தார்கள். சிஸ்டருக்குக் கண் கலங்கியது. இவளுக்கு முன்பே கலங்கிவிட்டது.

அண்ணன் கார் எடுத்து வரக் கீழே போயிருந்தார். சக்கர நாற்காலியைச் சிஸ்டரே தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குள் வந்தார். கதவு ஓடியது. மூடியது. சத்தமே இல்லை.

மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை.

மனைவிக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?"

"என்ன பேசறது? கட்டையை மாத்திட்டாங்க."

"நீங்க புலம்பினதைக் கேட்டு நான்தான் ஆளை வரவழைச்சேன்" என்றார் சிஸ்டர்.

"நல்லா பண்ணியிருக்காங்க" என்றார் அவர். பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். மனைவியின் விரல்கள் அவர் நெற்றிக்குப் போய்விட்டன. சூடில்லை. கையைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

லிஃப்ட் இறங்கிக் கீழ்த்தளத்தில் நின்றது. நிற்கும்போது, யாருக்கும் தெரியாத அளவுக்கு, ஒரு சின்னக் குலுக்கல்.

அவர் புருவத்தைச் சுருக்கினார். "பிரேக்கு தேயுது" என்றார். "கதவைப் பார்த்தவன் அதையும் பார்த்திருக்கக் கூடாதா? எவன் பார்க்கிறான் இந்த மெஷினை?"

மனைவி சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் இவளைப் பார்த்தார். அவர் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் சக்கர நாற்காலியைப் பிடித்து வெளியே தள்ளினாள். வெயிலில் கண் கூசியது. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற அண்ணன் தூரத்திலேயே ஆரம்பித்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கஷ்டமான வேலை பார்க்கறவன் வண்டியில ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க."

"ஓட்டுங்க மச்சான், ஓட்டுங்க" என்றார் மெக்கானிக். "வழியில நின்னு போனா சொல்லுங்க, இறங்கி நடந்துக்கறேன்."